மூன்றாம் வகுப்பு வந்த வழி

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு என்று ஒன்று இருந்ததில்லை. எட்டு வயதுப் பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டால், கையில் இருக்கும் சுவடியின் பெயர்தான் விடையாக வரும். ஒருவன் ஆத்திசூடியில் இருப்பான். அவனைவிட ஒரு வயது இளையவன் அதை முடித்து, கொன்றைவேந்தனையும் தாண்டி, மூதுரைக்குப் போயிருப்பான். இருவரும் ஒரே திண்ணையில், ஒரே ஆசிரியர் முன், தோளோடு தோள் உரச உட்கார்ந்து வெவ்வேறு பாடங்களை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். வாரம் என்ற கணக்கும் அங்கே இல்லை. விடுமுறை அமாவாசை, பௌர்ணமி போன்ற திதிகளை ஒட்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி மதிப்பு கிடையாது. இன்றைய மூன்றாம் வகுப்பு, வாரத்துக்கு இத்தனை பாடவேளை, இந்த வாரத்துக்கு இந்தப் பாடம் என்பதெல்லாம் ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குள் வந்து சேர்ந்தவை.

திண்ணையில் படிப்பு மணலில் தொடங்கியது. தரையில் மணலைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து எழுத்தை இழுக்க வைப்பார்கள். எழுதும்போதே அதன் ஒலியைச் சொல்ல வேண்டும். விரல், கண், வாய், காது நான்குக்கும் ஒரே நேரத்தில் வேலை. கை பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும் கிடைத்தன. ஓலையில் கீறிய எழுத்து எளிதில் தெரியாது. கரியும் மஞ்சளும் தடவித் துடைத்தால்தான் வரிகள் தெளிவாக எழும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, வெற்றிவேற்கை, மூதுரை, நல்வழி என்று நீதிநூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மேலும் படிப்பவர்களுக்கு நிகண்டும் சதகங்களும் உண்டு. பொருள் விளங்குவது பிறகு, மனப்பாடம் முதலில் என்பதே முறை. முதலில் ஆசிரியரோ, மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையோ ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். இதற்கு ‘முறை சொல்லுதல்’ என்று பெயர். மாலையில் வீடு திரும்பும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர் என்று சொல்லி அனுப்பி, மறுநாள் காலையில் அதைக் கேட்கும் வழக்கத்தை உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் எழுதியிருக்கிறார். நினைவைத் தீட்டுவதற்கு இதைவிட எளிய வீட்டுப்பாடம் இருக்க முடியாது.

எழுத்தைவிடக் கணக்கில்தான் இந்தப் பள்ளிகளின் பலம் இருந்தது. எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூல் முழு எண்களோடு நிற்காது. கீழ்வாய் இலக்கம் எனப்படும் பின்னங்களுக்கே அதில் பெரும் இடம். 320இல் ஒரு பங்கு முந்திரி. இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி. இரண்டு அரைக்காணி ஒரு காணி, அதாவது 80இல் ஒன்று. நான்கு காணி ஒரு மா, 20இல் ஒன்று. ஐந்து மா சேர்ந்தால் கால். ‘மாகாணி’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் அருமை புரியும். ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்தால் 80இல் நான்கும் ஒன்றுமாக ஐந்து பங்கு. அது சரியாக 16இல் ஒன்று. பெயரைச் சொன்னாலே கூட்டல் முடிந்துவிடுகிறது. காகிதமும் பென்சிலும் இல்லாத பிள்ளைக்கு மொழியே கணக்குப் பலகையாக இருந்தது.

இவற்றோடு நெல்லிலக்கம் என்று முகத்தலளவைக்குத் தனிச் சுவடி. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. பிறகு இரண்டிரண்டாக உழக்கு, உரி, நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். ஒரு கலத்துக்கு 96 நாழி. களத்தில் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு என்று எத்தனை பேருக்குப் பங்கு போட்டாலும் மீதி விழாது. நில அளவைக்குக் குழிமாற்று என்று இன்னொரு வாய்ப்பாடு. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்று காவிரிக் கரையில் வழங்கிய அளவுகளைப் பெருக்கிப் பார்க்க அது உதவியது. நிலம், நெல், வட்டி, கூலி என்று ஊர் நடந்த விதமே பாடத்திட்டமாக இருந்தது என்று சொல்லலாம்.

இந்தப் பள்ளிகளின் விரிவான கணக்கு முதலில் எடுக்கப்பட்டது 1822இல், சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோவின் உத்தரவால். மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய தகவல்களைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் ஏறத்தாழ 1,88,000 பேர் படித்தார்கள். பள்ளிக்குப் போனவர்கள் மக்கள்தொகையில் 67 பேருக்கு ஒருவர் என்பது அவர் கணக்கு. ஆசிரியர்களின் மாத வருமானம் பொதுவாக ஆறேழு ரூபாயைத் தாண்டவில்லை. தகுதியுள்ளவர்களை இழுக்க இது போதாது என்று அவரே எழுதினார். பெல்லாரி ஆட்சியர் கேம்பெலின் 1823ஆம் ஆண்டு அறிக்கை பள்ளியின் காலைப் பொழுதைக் கண்முன் நிறுத்துகிறது. முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவன் கையில் சுழி. மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு; அடுத்தடுத்து வருபவர்களுக்கு ஒவ்வோர் அடி கூடுதல்.

இந்தக் கணக்குகளை வைத்துப் பழைய காலம் பொற்காலம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1,88,000 பேரில் பெண்கள் சில ஆயிரம் பேரே. தாழ்த்தப்பட்ட சாதிகள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடம் இல்லை. சேரியில் பிறந்த குழந்தை மற்றவர்களின் முறை சொல்லும் குரலைத் தொலைவிலிருந்து கேட்டதோடு சரி. எண்சுவடியின் நுட்பத்தைப் பாராட்டும்போது, அது யாருக்குக் கிடைக்காமல் போனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மிஷனரிப் பள்ளிகளும், சென்னையில் 1894இல் தியோசபிகல் சங்கத் தலைவர் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளியும் அந்தக் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தன.

திண்ணைப் பள்ளியின் ஒரு வழக்கம் கடல் கடந்தும் போனது. 1789இல் சென்னை எழும்பூரின் ஆண்கள் அனாதை இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, அதைத் தம் இல்லத்திலும் கொண்டுவந்தார். ஆசிரியர்கள் தயங்கியபோது, எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவனையே எழுத்து வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். அது பலித்தது. 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் அந்த ஏற்பாடு ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. இன்று மூன்றாம் வகுப்பில் உட்காரும் வயதுள்ள ஒரு பையன் அதற்கு முன்னோடியாக இருந்தான்.

வகுப்பு என்ற வேலி பின்னால், பணத்தோடு வந்தது. இந்தியக் கல்வி பற்றிய 1854ஆம் ஆண்டு உட் அறிக்கையை அடுத்துச் சென்னை மாகாணத்தில் கல்வித் துறை அமைந்தது. தனியார் பள்ளிகளுக்கு மானியம் தரவும் விதிகள் வந்தன. மானியம் கொடுக்க வேண்டுமானால் எதற்குக் கொடுப்பது என்று அளக்க வேண்டும். இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டு விதித்தொகுப்பு பிள்ளைகளை ஆறு தரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு தரத்துக்கும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் இவ்வளவு தெரிய வேண்டும் என்று வகுத்தது. மூன்றாம் தரத்துப் பிள்ளை பாடநூலிலிருந்து ஒரு சிறு பத்தியை வாசிக்க வேண்டும், அதே பத்தியின் ஒரு வாக்கியத்தைச் சொல்லக் கேட்டு எழுத வேண்டும், குறுவகுத்தல் வரை கணக்குப் போட வேண்டும். தேறியவர்களைப் பொறுத்தே பள்ளிக்குப் பணம். 1860களில் இதே ‘பலனுக்கேற்ற மானியம்’ சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இன்ஸ்பெக்டர் வரும் நாள் ஊர்ப் பள்ளி ஆசிரியருக்கு அறுவடை நாளானது. மானியம் வேண்டிய திண்ணைப் பள்ளிகள் வருகைப் பதிவேடு வைத்தன. அச்சிட்ட பாடநூல் வாங்கின. பிள்ளைகளைத் தரம் பிரித்து உட்கார வைத்தன. ஒரே திண்ணையில் கலந்திருந்த எட்டு வயதும் பத்து வயதும் இப்படித்தான் பிரிந்தன.

தரம் வந்ததும் கால அட்டவணையும் வந்தது. திதி போய்க் கிழமை வந்தது; மணி அடித்தால் பாடம் மாறியது. ஓலை போய்ச் சிலேட்டும் பலப்பமும் வந்தன. புதிதாக நுழைந்த பாடங்களில் முக்கியமானது பூகோளம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தன் ஜில்லாவின் ஆறுகளையும் தாலுகாக்களையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஜில்லா பூகோளப் புத்தகங்கள் அச்சாயின. நீதிநூல் எந்த ஊருக்கும் பொது. இந்தப் புத்தகமோ பிள்ளையின் சொந்த மண்ணைப் படத்தில் வரைந்து காட்டியது.

வாரத்தில் எத்தனை மணி நேரம் பள்ளி என்ற கேள்வி ஒருமுறை ஆட்சியையே உலுக்கியது. 1953இல் முதலமைச்சர் இராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு என்று மாற்றினார். இரண்டு நேரமாக வகுப்பு நடத்தினால் இருமடங்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாம். மீதிப் பொழுதில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்பது எண்ணம். சலவைத் தொழிலாளியின் மகன் சலவையையே கற்கவேண்டுமா என்று கேட்டுப் பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதைக் ‘குலக்கல்வி’ என்று எதிர்த்தார்கள். கிளர்ச்சி பரவியது. 1954இல் இராஜாஜி பதவி விலக, அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். பள்ளியில் செலவாகும் முழு நாள் ஓர் உரிமை என்பது அந்தப் போராட்டத்தில்தான் ஊருக்கு ஊர் பேச்சானது. அதைத் தொடர்ந்து வந்த மதிய உணவு, வயிற்றுக்காக வேலைக்குப் போன பிள்ளைகளையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தது.

கணக்குப் பாடத்தின் பெரிய உடைப்பு 1957 ஏப்ரல் 1 அன்று நேர்ந்தது. ரூபாய்க்கு 16 அணா என்பது போய் 100 நயா பைசா ஆனது. அடுத்த சில ஆண்டுகளில் படியும் வீசையும் லிட்டருக்கும் கிலோவுக்கும் வழிவிட்டன. பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லும் திறமைக்குக் கடைத்தெருவில் வேலை இல்லாமல் போயிற்று. முந்திரியும் காணியும் பாடநூலில் இருந்து மறைந்தன. கால், அரை, முக்கால் மட்டும் பேச்சில் நின்றன. ஆங்கிலமும் இந்த வகுப்பில் இடம்பிடித்தது. 1970, 80களில் அரசுப் பள்ளியில் படித்த பலருக்கு ஏ, பி, சி, டி அறிமுகமானது மூன்றாம் வகுப்பில்தான்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், வகுப்பு என்ற வேலியைத் தளர்த்தியது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான அட்டைகள் அதற்கு முன்மாதிரி. 2007இல் மாநிலம் முழுவதும் ஒன்று முதல் நான்கு வகுப்பு வரை அது பரவியது. பாடநூல் சிறு அட்டைகளாகப் பிரிந்தது. சுவரில் மாட்டிய ஏணிப்படியில் பிள்ளை தான் நிற்கும் படியைப் பார்த்து, தட்டிலிருந்து உரிய அட்டையைத் தானே எடுத்துவந்து பாயில் உட்காரும். முதலில் ஆசிரியர் உதவியோடு, பிறகு சக மாணவர் உதவியோடு, கடைசியில் தனியாக. சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை, ஆசிரியரும் தரையில். நான்கு வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் கலந்து உட்கார்ந்த அந்தக் காட்சி திண்ணையை நினைவூட்டியது. பிரம்பு மட்டும் அங்கே இல்லை.

2012இல் முப்பருவ முறை வந்தது. ஒரு பருவத்துக்கான பாடங்கள் தனிப் புத்தகமாகப் பிரிய, பையின் கனம் குறைந்தது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடியிருந்ததால் பிள்ளைகள் பலர் எழுத்தையே மறந்து திரும்பினார்கள். அதை ஈடுகட்ட 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கியது. 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தையும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அதன் இலக்காக இருந்தது. பயிற்சிப் புத்தகம் வகுப்பு எண்ணைப் பாராமல் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளாக அமைந்தது. மூன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளைக்கு எழுத்துக் கூட்டவே தடுமாற்றம் என்றால் அது அரும்பில் தொடங்கலாம். தடையின்றி வாசிக்கும் பிள்ளை மலருக்குப் போகலாம். வருகைப் பதிவேட்டில் வகுப்பு ஒன்றுதான். கையில் இருக்கும் பாடம் அவரவர் நிலைக்கேற்ப வேறு வேறு.