துண்டும் தோட்டத்து அரிசியும்

கம்பளையிலிருந்து நுவரெலியா செல்லும் பாதையில் புசல்லாவையைக் கடக்கும்போதெல்லாம் றொத்சைல்ட் தோட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது என் வழக்கம். த வோர்ம்ஸ் சகோதரர்கள் 1841இல் சீனத் தேயிலைக் கன்றுகளை நட்டுப் பார்த்த மண் அது. அண்மையில் அவ்வழியே சென்றபோது, உடன் வந்த என் தங்கையின் பேரன் கைத்தொலைபேசியில் ஒரு செய்தியைக் காட்டினான். ஜப்பானில் 2025 டிசம்பர் 18 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, அப்பிள் தொலைபேசிகளில் அந்நிறுவனத்தின் கடையிலிருந்து மட்டுமன்றி வேறு கடைகளிலிருந்தும் செயலிகளைப் பெறலாமாம். "இவ்வளவு காலமும் ஒரே கடை என்பதை எப்படித் தாத்தா எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்?" என்று கேட்டான். நான் அவனுக்குத் துண்டுமுறையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

இன்றைய இளைஞர் பலருக்குத் துண்டு என்றால் என்னவென்று தெரியாது. தமிழகத்துக் கிராமத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த பெரிய கங்காணி, வழிச்செலவையும் முன்பணத்தையும் அவர்கள் பெயரில் கடனாக எழுதிக்கொள்வார். அவர்கள் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் என்று எழுதிய ஒரு சீட்டு வேண்டும். அதுவே துண்டு. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டும்; கடன் ஆட்களோடு கூடவே புதிய இடத்துக்குப் போகும். ஆட்களுக்காகத் தோட்டங்கள் போட்டியிடப் போட்டியிடத் துண்டுத்தொகை வீங்கியதே தவிர, தொழிலாளியின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இது போதாதென்று, வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்கு இத்தனை என்று கங்காணிக்குத் தலைக்காசும் உண்டு.

அடுத்தது அரிசி. மாத அரிசியைத் தோட்டமே வழங்கிச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. மற்றச் சாமான்களுக்குப் பல இடங்களில் கங்காணியின் கடைதான். அரிசி விலை ஏறிய காலங்களில் வெளிச்சந்தையைவிடக் குறைந்த விலைக்கே தோட்டம் அரிசி கொடுத்ததும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் விலையைக் குறித்தவரும் சம்பளக் கணக்கை எழுதியவரும் ஒருவரே. பொருளாகக் கூலி கொடுப்பதைப் பிரித்தானியா தன் தொழிலாளருக்கு 1831ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடுத்திருந்தது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும்.

வெளியார் எவரும் எளிதில் நுழைய முடியாத அத்தோட்டங்களுக்குள், கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் சென்று நிலைமையைக் கண்டறிந்ததை மலையக வரலாற்றாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சாரல் நாடனின் நூலில் அவரது வாழ்க்கையை விரிவாகக் காணலாம். பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் தனிப் பெருமை. புடவை மூட்டைக்குத் திறந்த வாசல், கேள்வி கேட்பவனுக்குத் திறக்கவில்லை!

1921இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடன் ஒழிந்ததா? இல்லை. கங்காணி தொடர்ந்தார், கங்காணியிடம் கைமாற்று தொடர்ந்தது, அரிசிக் கழிவும் தொடர்ந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோதுதான், கூலியோடு அரிசியின் விலையையும் சேர்த்தே வரையறுக்க வேண்டியிருந்தது. கழிவைத் தொடாமல் கூலியை மட்டும் உயர்த்துவதில் பயனில்லை என்பதைச் சட்டமியற்றியோர் அதற்குள் கண்டிருந்தனர்.

பேரன் காட்டிய செய்திக்கு வருவோம். 2008இல் திறந்த அப்பிள் கடை, விற்பனையில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொண்டது. பயனாளரின் பாதுகாப்புக்கே ஒரே வாசல் என்றது நிறுவனம். அதில் உண்மையும் உண்டு. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் பிற கடைகளுக்கு வழிவிடச் செய்தது. அப்பிள் வழிவிட்டது, கூடவே, புதிய நிபந்தனைகளை ஏற்ற செயலி பத்து இலட்சத்துக்கு மேல் நிறுவப்பட்டால், மேலதிகமான ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு அரை யூரோ என்று ஒரு கட்டணத்தையும் அறிவித்தது. வேறு கடையில் வாங்கினாலும் தலைக்காசு!

அதே மார்ச்சில் சென்னையில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. கட்டணத் தகராற்றில், பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட இந்திய நிறுவனங்கள் சிலவற்றின் செயலிகளைக் கூகிள் தன் கடையிலிருந்து நீக்கியது. அதற்கு முன்பே அந்நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றிருந்தது. இந்திய அரசு தலையிட்ட பின்னரே, சில நாட்களில், செயலிகள் மீண்டும் இடம்பெற்றன. அண்ட்ரொயிட் தொலைபேசியில் வேறு கடைகளுக்கு முன்பே தடையில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாசல் திறந்திருந்தும் வாடிக்கையாளர் அனைவரும் ஒரே கடையில் நின்றார்கள்.

லயத்தில் பசியோடு கிடந்தவனையும் செயலி விற்கும் நிறுவனத்தையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். கணக்குப் புத்தகம் யார் கையில் இருந்தது என்பதையே ஒப்பிடுகிறேன்.

"நம் நாட்டில் இதற்குச் சட்டம் உண்டா?" என்று பேரன் கேட்டான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது, போட்டியைக் குலைக்கும் நடைமுறைகளை அது விசாரிக்கலாம் என்றேன். ஆண்டைக் கேட்டதும் சிரித்தான். அப்பிளின் கடைக்கு ஐந்து ஆண்டு மூத்தது அச்சட்டம்.