எழுத்தில்லாத மொழிக்குப் புத்தகம் தந்த வாத்தியார்: யார் இந்த ஜான் ரிச்சர்ட்சன்?

அந்தமானுக்கு டூர் போயிருந்தால், போர்ட் பிளேரின் மரைன் ஹில் பக்கம் நின்று கடலைப் போட்டோ எடுத்திருப்பீங்க. (2024-இல் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாறிவிட்டது.) அங்கிருந்து தெற்கே சுமார் 270 கி.மீ. போனால் கார் நிக்கோபார். பழங்குடிகளுக்கான பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால், நினைத்தவுடன் போய்விட முடியாது. ஆனால் அந்தத் தீவின் முதல் பாடங்களில் தமிழர் ஒருவருக்கும் பங்கு உண்டு.

முதலில் வந்தவர்கள் யார்?

ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டை மையமாகக் கொண்ட மொராவியன் சபையினர் 1768-இல் நன்கவ்ரி தீவுக்கு மதப்பணிக்காக வந்தார்கள். காய்ச்சலுக்குப் பலர் பலியானார்கள். 1787-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

தமிழருக்கு என்ன தொடர்பு?

நூறாண்டு கழித்து, 1890-களின் நடுவில், வேதப்பன் சாலமன் என்ற தமிழ்க் கிறிஸ்தவ உபதேசியார் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் குடியேறிப் பள்ளிக்கூடம் நடத்தினார். அதில் படித்த சிறுவன்தான் ஹா செவ் கா, பின்னாளில் ஜான் ரிச்சர்ட்சன். மேற்படிப்புக்கு அவரை பர்மாவின் மாண்டலேக்கு அனுப்பினார்கள்.

திரும்பி வந்து என்ன செய்தார்?

1912-இல் சொந்த ஊரிலேயே வாத்தியார் ஆனார். நிக்கோபாரீஸ் பேச்சுமொழி மட்டும்தான். அதற்கெனத் தனி எழுத்து கிடையாது. அதை ரோமன் எழுத்தில் எழுதும் வழக்கத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர் அவர். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1950-இல் வெளியானது. வெளியிலிருந்து வந்தவர்களுக்குப் பெரும் தடையாக இருந்த மொழி, இவருக்குத் தாய்மொழி. வித்தியாசம் அங்கேதான்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் தீவைப் பிடித்தபோது சிறையில் அடைக்கப்பட்டு, உயிர் தப்பினார். 1950-இல் உதவி பிஷப். 1952-இல் முதல் மக்களவைக்கு நியமன உறுப்பினர். 1966-இல் அந்தமான் நிக்கோபார் பிஷப். 1965-இல் பத்மஸ்ரீ, 1975-இல் பத்மபூஷண். 1978-இல் மறைந்தார்.

இது நமக்கு ஏன் முக்கியம்?

நமக்குத் தமிழ் எழுத்து இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். அதனால் அது ஒரு பெரிய விஷயமாகவே தெரிவதில்லை. அங்கே, சொந்த மொழியில் முதன்முதலாகப் படித்த குழந்தைகள் நம் கொள்ளுத்தாத்தா காலத்தவர்கள்தான். மதம் மாறியதோடு பழைய வாழ்க்கைமுறையும் நிறைய மாறியது, அதை மறுக்க முடியாது. ஆனால் மொழி கைவிட்டுப் போகவில்லை. வெளியூரில் படித்தவர் ஊர் திரும்பி, தன் மக்கள் மொழியிலேயே எழுதியது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கார் நிக்கோபாரின் அரசு மருத்துவமனை இன்று அவர் பெயரில்தான் இயங்குகிறது.