விளக்கெண்ணெயும் மரத்தரையும்

தம்பி தங்கைகளே, விளக்கெண்ணெய் என்றால் உங்களுக்கு வயிற்று மருந்துதான் தெரியும். எனக்கு மரத்தரையில் பூசும் வார்னிஷும் நினைவுக்கு வரும்.

ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகள் பெயின்ட்டை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தார்கள். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயரும் அவருடைய குழுவினரும் பாலியுரேத்தேனை உருவாக்கினார்கள். பின்னாளில் அதிலிருந்து வந்த பூச்சு எளிதில் தேயவில்லை. ஆனால் அதைக் கரைக்கப் பெட்ரோலியக் கரைப்பான்கள் வேண்டும். அவை காற்றில் கலந்து புகைமூட்டத்துக்குக் காரணமாயின. 1966இல் லாஸ் ஏஞ்சலிஸ் நிர்வாகம் கரைப்பான்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது.

கரைப்பானுக்குப் பதில் தண்ணீர் ஊற்றலாமே? பாலியுரேத்தேன் தண்ணீரில் கரையாது. அதனால் அதன் மூலக்கூறுச் சங்கிலியில் மின்னேற்றம் கொண்ட பகுதிகளைச் சேர்த்தார்கள். அப்போது அது தண்ணீரில் நுண்துளிகளாகப் பரவிப் பால் போல ஆகும். பூசியபின் தண்ணீர் ஆவியாக, துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகும்.

பாலியுரேத்தேனுக்கு இரண்டு பொருள்கள் வேண்டும்: பாலியால், ஐசோசயனேட். பாலியாலுக்குத் தேவையான ஹைட்ராக்சில் தொகுதி விளக்கெண்ணெயில் இயற்கையாகவே இருக்கிறது. சோயா எண்ணெயில் அதை நாம்தான் சேர்க்க வேண்டும்.

ஐசோசயனேட்டோ இன்றும் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தே வருகிறது. அதைக் கையாளும் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வரலாம். ஆகவே டப்பாவில் ‘தாவர எண்ணெயில் செய்தது’ என்று போட்டிருந்தால், மற்றப் பாதி எதில் செய்தது என்று நான் கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.