காட்சிப் போராட்டமும் அகப் பயிற்சியும்: திக் நியட் ஹானின் போர்க்கால அனுபவத்தை முன்வைத்து

மைண்ட்ஃபுல்னெஸ் என்ற சொல்லை இன்று அலுவலகப் பயிலரங்குகளும் கைப்பேசிச் செயலிகளும் மன அழுத்தத்துக்கு மருந்தாக விற்கின்றன. அச்சொல்லை ஆங்கில வாசகரிடையே பரப்பிய நூல்களுள் ஒன்று, வியட்நாமியத் துறவி திக் நியட் ஹானின் 'தி மிராக்கிள் ஆஃப் மைண்ட்ஃபுல்னெஸ்'. அது நூலாக எழுதப்பட்டதே அன்று. நாடு திரும்ப அனுமதியின்றி பிரான்சில் வாழ்ந்த அவர், தாம் தொடங்கிய சமூக சேவை இளைஞர் பள்ளியின் ஊழியர் ஒருவருக்கு 1974இல் தாய்மொழியில் எழுதிய நீண்ட கடிதம் அது. அந்தப் பள்ளியினர் போருக்கு நடுவே ஊர்களைச் சீரமைத்துக்கொண்டிருந்தார்கள். மூச்சைக் கவனிப்பது, மறுநாளும் வெறுப்பின்றி வேலைக்குப் போவதற்கு அவர்கள் பழகிய வழி. இந்தப் பிறப்பிடம் மறந்துபோனதால்தான் அகப் பயிற்சியைப் போராட்டத்துக்கு எதிர்த்தட்டில் வைத்து நிறுக்கிறோம் என்பது என் வாதம்.

அந்த எதிர்த்தட்டில் வைக்கப்படும் காட்சிப் போராட்டம் எது? பலர் பார்க்க நடப்பதெல்லாம் காட்சி என்றால், 1963 ஜூன் 11 அன்று சைகோன் நாற்சந்தியில் பௌத்தத் துறவி திக் குவாங் டுக் தீக்குளித்ததும் காட்சிதான். வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்கு முன்கூட்டியே தகவல் போயிருந்தது. அவர்களுள் மால்கம் பிரவுன் எடுத்த படம் உலகைச் சுற்றியது. ஆகவே பார்வையாளர் இருப்பதை அளவுகோலாகக் கொள்ள முடியாது. பார்வையாளர் விலகியதும் வேலையும் நின்றுபோகிறதா என்பதே பயனுள்ள கேள்வி.

1965 ஜூனில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு எழுதிய கடிதத்தில் ஹான், இத்தகைய தீக்குளிப்புகள் தற்கொலை ஆகா என்றும், ஒடுக்குவோரின் மனத்தைத் தொடுவதே அவற்றின் நோக்கம் என்றும் விளக்கினார். பகை மனிதரிடம் இல்லை, மனிதருள் குடிகொண்ட வெறுப்பிலும் சகிப்பின்மையிலும் இருக்கிறது என்பது அவர் நிலைப்பாடு. எனக்கு இவ்விளக்கம் முழு நிறைவு தரவில்லை. 1966இல் அவர் தொடங்கிய தியெப் ஹியென் என்ற பௌத்தச் சங்கத்தின் முதல் ஆறு உறுப்பினருள் ஒருவர் நியட் சி மாய். 1967 மே 16 அன்று, கன்னி மரியாவின் உருவையும் போதிசத்துவர் அவலோகிதரின் பெண்ணுருவையும் முன்னே வைத்து அவரும் தீக்குளித்தார். கருணை தன் உடலையே விறகாக்கிக்கொள்ளும்போது அதைப் பயிற்சியின் வெற்றி என்பதா, தோல்வி என்பதா? என் வாதம் முட்டி நிற்கும் இடம் இது. மழுப்பிக் கடக்க விரும்பவில்லை.

பள்ளியின் ஊழியர்கள் எந்தத் தரப்பிலும் சேர மறுத்தார்கள். இரு தரப்புக்கும் அவர்கள்மேல் ஐயம். 1967 ஜூலையில் அவர்களில் ஐந்து இளைஞர்களை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்ச் சுட்டதில் நால்வர் இறந்தனர். சுட்டவர்கள் அதற்குமுன் வருத்தம் தெரிவித்ததாகப் பிழைத்தவர் சொன்னார். அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டே தோழர்கள் இரங்கலுரையை அமைத்தார்கள்: கொன்றவர்களும் ஏவப்பட்டவர்களே என்று. நடுநிலை என்பது சொகுசு என்று எளிதாகச் சொல்வோர் இந்த நான்கு பிணங்களைத் தாண்டித்தான் சொல்ல வேண்டும்.

ஹானின் அமெரிக்கப் பயணத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை உடன்சென்ற ஜிம் ஃபாரஸ்ட் பதிவுசெய்திருக்கிறார். செயின்ட் லூயிஸ் நகருக்கு வெளியே வசதியானவர்களின் தேவாலயம். உங்கள் மக்கள்மேல் அவ்வளவு அக்கறையிருந்தால் இங்கே என்ன வேலை என்று ஒருவர் சினந்து கேட்டார். மரம் செழிக்க இலைக்கு நீர் ஊற்றிப் பயனில்லை, போரின் வேர்கள் பல இந்நாட்டில் இருக்கின்றன என்று ஹான் அமைதியாகப் பதிலளித்தார். பிறகு வெளியே போய், வண்டிகள் நிறுத்துமிடத்தில் மூச்சுக்குத் திணறினார். கேள்வி அவருக்கு அந்த அளவு கோபமூட்டியிருந்தது. பதிலை மட்டும் மேற்கோள் காட்டுவோர் திணறலை விட்டுவிடுகிறார்கள். எனக்கோ பின்னதே பெரிய சான்று: அவையோர் பார்க்காத இடத்தில், நின்று, மெதுவாக மூச்சை இழுத்துவிட்டுத்தான் அவர் கோபத்தைக் கடக்க வேண்டியிருந்தது.

இந்தப் பயிற்சியைப் புரிந்துகொள்ளத் தமிழ் மரபில் ஒரு கருவி உண்டு. வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலின் தொடக்கத்திலும் வைத்தார். தொடர்புடையார்மேல் செல்வது அன்பு, தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்பது பரிமேலழகர் தரும் வேறுபாடு. அன்பு தானே சுரக்கும். அருளுக்குப் பழக்கம் வேண்டும். அப்படியானால் துறவு உலகைவிட்டு ஓடுவதாகாது. 'நம்மவர்' என்ற எல்லையைத் துறப்பதாகும்.

அகப் பயிற்சி அதிகாரத்துக்கு வசதியானது என்ற மறுப்பில் பாதி உண்மை. பயிற்சியை யாரிடம் கேட்கிறோம் என்பதில்தான் மீதி. ஹான் அதைக் கேட்டது உதவப் போகிறவரிடம். வேலைப்பளுவைக் குறைக்காமல் ஊழியருக்கு மூச்சுப் பயிற்சி தரும் நிறுவனம், அதைக் காயம்பட்டவரிடமே கேட்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பது வாய்ப்புக்கேடு.

குவாங் திரி மாநிலத்தில், இராணுவம் விலக்கப்பட்ட எல்லைப்பகுதிக்கு அருகே திரா லொக் என்றொரு சிற்றூர். குண்டுவீச்சில் அழிந்ததைப் பள்ளி ஊழியர்கள் திரும்பக் கட்டினார்கள். மறுபடி அழிந்தது; மறுபடி கட்டினார்கள். மூன்றாம் முறைக்குப் பிறகும் அழிந்தபோது, இனியும் கட்டத்தான் வேண்டுமா என்று ஹானிடம் கேட்டார்கள். கட்டுங்கள் என்றார்.