அத்தையைக் கேட்டோமா?

 

சதுரங்கப்பட்டினத்தில் புற்றுநோயோடு படுத்திருந்த என் அத்தைக்கு இனி குணமாகாது என்று சொல்லிவிட்டார்கள். வலிக்கு மருந்து கொடுக்க வாராவாரம் செவிலியர் வருவார். ஒருநாள் அவர், "வலி பற்றி ஓர் ஆய்வு நடக்குது சார். அம்மாகிட்ட சில கேள்விகள் கேட்கலாமா?" என்றார். "சாகிற நேரத்துல ஆராய்ச்சியா?" என்று நானே மறுத்துவிட்டேன். உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது: "என்னைக் கேட்டியாடா?"

காலமெல்லாம் வரலாறு நடத்தியவனிடம் பதில் இல்லை.

என் கோபத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்த நார்வே மருத்துவர் ஹேன்சன், 1879-இல் ஒரு நோயாளிப் பெண்ணின் கண்ணில், அவரைக் கேட்காமலே, வேறொரு நோயாளியின் நோய்ப்பொருளை ஏற்றினார். 1880-இல் பெர்கன் நீதிமன்றம் அவரை மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது.

இன்னொன்று நம் செங்கல்பட்டிலேயே நடந்தது. திருமணியில் இருக்கிறதே தொழுநோய் நிலையம், 1955-இல் மத்திய அரசு ஏற்கும்வரை அது லேடி வில்லிங்டன் மருத்துவமனை. அங்கே முதலில் நீரடிமுத்து எண்ணெய் ஊசிதான். 1941-இல் அமெரிக்காவின் கார்வில்லில் புரோமின் என்ற மருந்து பலன் தந்தது. ஆனால் விலை அதிகம், நரம்பில்தான் ஏற்ற வேண்டும். அதன் மூலமான டாப்சோன் மலிவு. ஆனால் மனித உடம்பு தாங்காது என்று ஒதுக்கியிருந்தார்கள். 1940-களின் பிற்பகுதியில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அதைக் குறைந்த அளவில் எண்ணெயில் கலந்து திருமணி நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்தார். பலித்தது. பிறகு அது மாத்திரையானது. 1982-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்திலும் டாப்சோன் உண்டு.

திருமணி நோயாளிகள் உடம்பைக் கொடுத்ததால் உலகம் பிழைத்தது. ஆனால் ஊர் ஒதுக்கி, போக்கிடம் இல்லாதவர் சொல்லும் 'சரி' முழுச் சம்மதம் ஆகுமா? 'வேண்டாம்' என்றால் சோறும் மருந்தும் நின்றுவிடுமோ என்று பயப்படுபவரால் எப்படி மறுக்க முடியும்?

அதனால்தான் 1964-இல் ஹெல்சிங்கி பிரகடனம் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், மரணத் தறுவாயில் இருப்போரைக் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படுவோர் பட்டியலில் வைக்கின்றன. கவனியுங்கள்: அவர்களைக் கேட்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. யாரையுமே கேட்காவிட்டால், கடைசி நாட்களின் வலியை எப்படித் தணிப்பது என்று யாருக்குத் தெரியும்?

அத்தை சம்மதித்தார். "எனக்குப் பிரயோசனம் இல்லன்னு தெரியும். அடுத்து படுக்கிறவளுக்கு ஆகட்டும்." இரண்டு வாரம் பதில் சொன்னார். மூன்றாம் வாரம், "இன்னிக்கு முடியலம்மா" என்றார். செவிலியர் நோட்டை மூடிவிட்டு, வழக்கம்போல் மருந்தைக் கொடுத்தார். ஹேன்சனின் நோயாளிக்குக் கிடைக்காதது அதுதான்.

ஹேன்சன் கேட்காமல் செய்தார். நான் கேட்காமல் தடுத்தேன். இரண்டிலும் நோயாளிக்கு வாய் இல்லை.

உங்கள் வீட்டிலும் ஒருநாள் இந்தக் கேள்வி வரலாம். முதலில் கட்டிலருகே போய்க் கேளுங்கள், பிள்ளைகளே.