சுவாசக் குழலைத் திறக்கத் துணிந்தவர்கள்

கழுத்தின் முன்புறத்தை விரலால் மெல்லத் தடவினால், குரல்வளையின் மேட்டுக்குக் கீழே, தோலுக்கும் மெல்லிய தசைகளுக்கும் அடியில், வளையம் வளையமாக ஒரு குழல் மார்பை நோக்கி இறங்குவதை யாரும் உணரலாம். பிராணனின் பாதை இவ்வளவு அண்மையில், இவ்வளவு வெளிப்படையாக அமைந்திருந்தும், அதன் மேல்வாய் அடைபட்டு ஒருவர் மூச்சுத் திணறி மாளும் தறுவாயில், அடைப்புக்குக் கீழே ஒரு சிறு துவாரமிட்டு அவரைக் காக்கலாம் என்ற எண்ணம் வைத்தியர் உள்ளத்தில் உதித்த காலத்துக்கும், அது வைத்தியசாலைகளில் நிலைத்த வழக்கமான காலத்துக்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்தன. குழல் இருக்கும் இடம் தெரியும். அதன் தொழிலும் ஒருவாறு தெரியும். கத்தியும் கைப்பழக்கமும் இருந்தன. இல்லாதிருந்தது துணிவு ஒன்றே. அத்துணிவு பிறந்த வரலாற்றில் மனிதருக்கு முன்னே பன்றியும் வெள்ளாடும் நிற்கின்றன. ஏனெனில், இக்குழல் மனிதனுக்கு மட்டும் உரிய உறுப்பன்று.

செவுள்களால் நீரிலிருந்தே பிராணவாயுவைக் கவர்ந்துகொள்ளும் மீன்களுக்கு இக்குழல் வேண்டியதில்லை. தவளைக்குக் கழுத்தே இல்லையாதலால், குரல்வளைக்கும் நுரையீரலுக்கும் நடுவே அது மிகக் குறுகியதாய் நின்றுவிடுகிறது. தன் தலையினும் பெரிய இரையை நெடுநேரம் விழுங்கும் பாம்போ, குழலின் வாயைக் கீழ்த்தாடையின்மேல் முன்னே நீட்டி வைத்துக்கொண்டு, இரை தொண்டையை நிறைத்திருக்கும்போதே மூச்சு விடுகிறது. பறவைகளில் குழலின் வளையங்கள் முழுவட்டங்கள். அவற்றின் குரல் பிறப்பதும் மேலே அன்று, குழல் இரண்டாகக் கிளைக்கும் அடிமுனையில். சாரஸ் கொக்கின் குழல் மார்பெலும்புக்குள் புகுந்து சுருண்டு மீள்கிறது. வயல்வெளியில் நெடுந்தொலைவு கேட்கும் அதன் முழக்கத்துக்கு அந்த நீளமும் ஒரு காரணம். பாலூட்டிகளில் பெரும்பாலும் வளையங்கள் பின்புறம் திறந்த லாட வடிவின. மனிதனின் குழல் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ளது. 16 முதல் 20 வரையிலான குருத்தெலும்பு வளையங்கள் அதைத் தாங்குகின்றன. மூச்சை உள்ளிழுக்கும்போது குழல் ஒட்டிப்போகாமல் காப்பவை அவ்வளையங்களே. பின்புறத்து இடைவெளியை மூடியிருக்கும் தசையோ, அதன் பின்னே செல்லும் உணவுக் குழல் கவளம் இறங்குகையில் விரிவதற்கு இடங்கொடுக்கிறது. உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் ஓயாது அசைந்து, தூசியையும் சளியையும் தொண்டையை நோக்கி மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன.

இவ்வமைப்பை அறிய முற்பட்ட பண்டைக் கிரேக்கர், தொடக்கமுதலே பிராணிகளைத் துணைக்கொண்டனர். குடிக்கும் நீர் நுரையீரலுக்குச் செல்கிறது என்று பிளேட்டோ கருதினார். ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களுள் இதயத்தைப் பற்றிய ஒன்று, தாகமுற்ற பன்றிக்குச் சாயம் கலந்த நீரைக் கொடுத்து, அது குடித்துக்கொண்டிருக்கும்போதே தொண்டையை அறுத்துப் பார்த்தால் சாயத்தின் வழி தெரியும் என்கிறது. அரிஸ்டாட்டில் பல பிராணிகளை ஒப்புநோக்கி, பானம் குழலுக்குள் செல்கிறது என்ற கொள்கையை மறுத்தார். பாலூட்டிகளுக்கு உள்ள குரல்வளை மூடி பறவைகளுக்கு இல்லை என்பதையும், அவை குழலின் வாயைச் சுருக்கியே உணவைத் தடுக்கின்றன என்பதையும் கண்டு எழுதினார். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் கேலன், அலறிக்கொண்டிருக்கும் பன்றியின் கழுத்தைச் சபையோர் முன்னிலையில் திறந்து, குரல்வளைக்குச் செல்லும் நரம்பைக் கட்டிய மாத்திரத்தில் அலறல் அடங்குவதைக் காட்டினார். குரலுக்குப் பிறப்பிடம் இதயமே என்று நம்பிய அறிஞர்களுக்கு அது பிரத்தியட்ச மறுப்பாக அமைந்தது.

ஆனால், அறிதல் வேறு, நோயாளியின் கழுத்தில் கத்தி வைத்தல் வேறு. குழலைத் திறக்கும் சிகிச்சையை முதன்முதல் மேற்கொண்டவர் அஸ்கிளேப்பியாடிஸ் என்னும் வைத்தியர் என்று கேலனே குறிப்பிடுகிறார். 2-ஆம் நூற்றாண்டின் அன்ட்டில்லஸ் அதன் முறையைத் தெளிவாக வகுத்தார்: தலையைப் பின்னால் சாய்த்து, மூன்றாம் நான்காம் வளையங்களுக்கு நடுவே, குருத்தெலும்பைத் தொடாமல், இடைப்பட்ட சவ்வை மட்டும் குறுக்கே கீற வேண்டும். இவ்விதி ஈஜினாத் தீவின் பவுல் என்பார் 7-ஆம் நூற்றாண்டில் தொகுத்த நூலின் வாயிலாகப் பிழைத்து வந்தது, சிகிச்சை பிழைக்கவில்லை. குருத்தெலும்பு ஒருமுறை அறுபட்டால் வளர்வதுமில்லை, கூடுவதுமில்லை என்று ஹிப்பாக்ரட்டீஸின் சூத்திரத் தொகுதி சொல்லியிருந்தது. அரெட்டேயஸ் போன்ற நேர்மையான வைத்தியர்களே, காயத்தின் உதடுகள் ஒன்றுசேரமாட்டா, அழற்சி மிகும், நோயாளி உறுதியாக இறப்பார் என்று எச்சரித்தனர். அவர்களைக் கொடியவர் என்று சொல்வதற்கில்லை. குருத்தெலும்பு தானே எளிதில் வளராது என்பது மெய்தான். அதைச் சுற்றியுள்ள சவ்வும் சதையும் வடுவாகி அந்தப் புண்ணை மூடிவிடும் என்பதைச் சோதித்துப் பார்த்தவர் இல்லை என்பதே குறை. சோதிக்கப்படாத அந்த ஒரு வாக்கியம், பல தலைமுறைகளின் மூச்சுக்கு மேல் பாறையாய்க் கிடந்தது.

பாறையை முதலில் அசைத்தவர்கள் ஸ்பெயின் நாட்டில் அரபு மொழியில் எழுதிய இரு வைத்தியர்கள். கொர்தோபாவைச் சார்ந்த அல் ஸஹ்ராவியிடம், கத்தியால் தன் தொண்டையைத் தானே அறுத்துக்கொண்ட அடிமைப் பெண் ஒருத்தியின் பொருட்டு அழைப்பு வந்தது. அவர் சென்று பார்த்தபோது அவள் அறுபட்ட விலங்கின் ஒலியெழுப்பிக் கிடந்தாள். குருதி மிகுதியாக இல்லை. பெரிய நாளம் எதுவும் அறுபடவில்லை. காயத்தின் வழியே காற்று மட்டும் வெளிப்பட்டுக்கொண்டிருந்தது. அவர் விரைந்து தைத்துச் சிகிச்சை செய்ய, அவள் குணமடைந்தாள். குரலில் ஒரு கரகரப்பு மட்டுமே எஞ்சியது. குழலைக் கீறுவதால் ஆபத்தில்லை என்ற முடிவை அவர் தம் நூலில் எழுதிவைத்தது, ஆசாரியர்களின் வாக்கைக் கொண்டன்று, அந்த அபலையின் கழுத்தைத் தம் கையால் தொட்டு அறிந்ததைக் கொண்டே.

அடுத்த அடி இன்னும் மேன்மையானது. செவீல் நகரத்து வைத்தியக் குடும்பத்தில் தோன்றி 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்ன் ஸுஹ்ர், விபத்துக்காகக் காத்திராமல் வினாவைத் தாமே எழுப்பினார். இச்சிகிச்சையைப் பற்றிய பழைய விவாதங்களைப் படித்த அவர், ஒரு வெள்ளாட்டைக் கொணர்ந்து, அதன் கழுத்துத் தோலையும் அடியிலிருந்த சவ்வையும் கீறி, குழலிலிருந்து அவரையினத்துச் சிறு விதையொன்றின் அளவுள்ள துண்டை வெட்டி நீக்கினார். பிறகு காயத்தைத் தேன் கலந்த நீரால் கழுவி வந்தார். சதை கூடத் தொடங்கியதும் சைப்ரஸ் மரத்துக் காயின் பொடியைத் தூவி வந்தார். ஆடு முற்றும் குணமாகி நெடுங்காலம் வாழ்ந்தது. சவ்வை மட்டுமன்றிக் குருத்தெலும்பையே வெட்டியெடுத்தும் புண் ஆறிற்று என்பதே இச்சோதனையின் சிறப்பு. ஆட்டின் குழலும் மனிதனின் குழலும் ஒரே திட்டத்தில் அமைந்தவை என்ற உறுதி இருந்ததால்தான் ஆட்டின் உடம்பில் கிடைத்த விடை மனிதனுக்கும் விடையாயிற்று.

விடை கிடைத்தும் வழக்கம் மாறவில்லை. அல் ஸஹ்ராவியின் நூலும் இப்ன் ஸுஹ்ரின் நூலும் லத்தீனில் பெயர்க்கப்பெற்று ஐரோப்பிய வைத்தியர் கைக்குச் சென்ற பின்னும், 1546-இல் இத்தாலியின் ஃபெர்ராராவில் பிரஸாவோலா என்னும் வைத்தியர், தொண்டைக் கட்டியால் மூச்சடைத்து, பிறரால் கைவிடப்பட்ட ஒருவரின் குழலைத் திறந்து பிழைக்கவைத்தது அபூர்வச் செய்தியாகவே நின்றது. அதற்கு மூன்றாண்டு முன்னர், 1543-இல், உடற்கூற்று அறிஞர் வெஸேலியஸ் தம் பெருநூலில், உயிருள்ள விலங்கின் குழலில் நாணல் துண்டைச் செருகி ஊதினால் சுருங்கிய நுரையீரல் விரிகிறது, துவண்ட இதயமும் மீண்டும் துடிக்கிறது என்று எழுதியிருந்தார். வருங்கால வைத்தியத்தின் பெரும்பகுதி அச்சில் ஏறியிருந்தும், அதை எடுத்து நடத்துவோர் இல்லை.

இந்த முரண் தெளிவாகத் தெரியும் இடம் பதுவா சர்வகலாசாலை. 1595-ஆம் ஆண்டையொட்டி அங்கே ஆசிரியர் ஃபாப்ரீஷியஸ் காலத்தில் எழுந்த உடற்கூற்று அரங்கம் இன்றும் நிற்கிறது: நீள்வட்ட வடிவில் மேன்மேலும் அகன்று செல்லும் ஆறு மர வரிசைகள், உட்கார இடமில்லாத ஒடுக்கத்தில் நெருங்கி நின்று கீழே மேசையை நோக்கும் மாணாக்கர். ஃபாப்ரீஷியஸ் இச்சிகிச்சையைச் சத்திர வைத்தியத்தின் பெருமைகளுள் முதன்மையானதாகப் போற்றினார். குழாய் உள்ளே நழுவிவிடாமல் காக்க இரு சிறகுகள் வைத்த நேர்க்குழாயையும் வர்ணித்தார். எனினும், காலத்தின் அச்சத்துக்குத் தாமும் உட்பட்டு அதைச் செய்ததில்லை என்பதை ஒளியாமல் ஒப்புக்கொண்டார். அவர் வீட்டில் பணியாளாகச் சேர்ந்து, மாணாக்கராகி, இறுதியில் அவருக்கே போட்டியாளராக வளர்ந்த காஸேரியஸ், 1601-இல் வெளியிட்ட நூலில் மனிதனோடு பல பிராணிகளின் குரல்வளைகளையும் அருகருகே சித்திரித்தார். ரீங்காரமிடும் சிறு பூச்சிகளின் ஒலியுறுப்புகளையும் விடவில்லை. அந்நூலில் குழல் திறப்புக்குரிய கருவிகளும் படமாக உள்ளன. அவர் வரைந்த குழாய் வளைந்தது. குழல் மார்பை நோக்கிச் செல்லும் போக்குக்கு இசைந்த அவ்வளைவு, நேர்க்குழாயின் முனை பின்சுவரில் குத்தும் குறையைப் போக்க வல்லது.

பின்வந்த இரு நூற்றாண்டுகளிலும் சிகிச்சை ஆங்காங்கே மின்னி மறைந்தது. கள்வருக்குப் பயந்து பொற்காசுகளைத் துணியில் முடிந்து விழுங்கிய சிறுவன் ஒருவனின் உணவுக் குழலில் முடிச்சு சிக்கி, முன்னேயுள்ள சுவாசக் குழலை நெருக்க, பாரிஸ் நகரத்து ஹபிக்கோ குழலைத் திறந்து மூச்சுக்கு வழி செய்துவிட்டு முடிச்சைக் கீழே தள்ளினார். 1620-இல் வெளியான அவர் நூல் இதை விவரிக்கிறது. 1799 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை வீக்கத்தால் மூச்சடைத்துக் கிடந்தபோது, சூழ்ந்திருந்த மூவருள் இளையவரான டாக்டர் டிக் குழலைத் திறக்கலாம் என்றார், மூத்தவர்கள் இசையவில்லை. அன்றிரவே வாஷிங்டனின் உயிர் பிரிந்தது.

துணிவை இறுதியில் வழக்கமாக்கியது, குழந்தைகளைக் கொள்ளைகொண்ட தொண்டை அடைப்பான் நோய். அந்நோயில் தொண்டையிலும் குரல்வளையிலும் சாம்பல் நிறத் தோல் ஒன்று படர்ந்து மூச்சை அடைக்கும். 1807-இல் தம் தம்பியின் மகனான சிறுவன் மூச்சடைப்பு நோயால் இறக்கவே, நெப்போலியன் அதைப் பற்றிய சிறந்த ஆராய்ச்சிக்கு 12,000 பிராங்க் பரிசு அறிவித்தார். 1825-இல் தூர் நகரத்தில் பிரெத்தோனோ, முன் முயற்சிகள் தோற்ற பின்னும் மனந்தளராமல், தம் நண்பரின் சிறு மகளுக்குக் குழலைத் திறந்து காப்பாற்றினார். அவருடைய மாணாக்கர் துரூஸோ அம்முறையைப் பாரிஸ் நகரத்துக் குழந்தைகளிடம் எடுத்துச் சென்று, 200-க்கு மேற்பட்டவர்களுக்குச் செய்தார். பிழைத்தோர் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர். அவர் அக்கணக்கை மறைக்கவில்லை. ஒன்றும் செய்யாவிடில் அக்குழந்தைகளுள் அனேகமாக எவரும் தப்பார் என்பது கற்றவர்க்குத் தெரிந்திருந்ததால், நாலில் மூன்று தோல்வியைச் சொன்ன அந்த அறிக்கையே நம்பிக்கையின் சாசனமாயிற்று. குழாயை எப்படி வைப்பது, சளியை எப்படி நீக்குவது, எப்போது எடுப்பது என்பன நோயாளியின் படுக்கையருகில் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளப்பட்டன.

1890-களில் அந்நோய்க்குரிய நச்சுமுறிச் சீரம் வந்ததும் அக்குழந்தைகளுக்குக் கத்தியின் தேவை குறையலாயிற்று. ஆயினும் சிகிச்சை பிற இடர்களில் நிலைத்தது. அதற்கு ஒழுங்கு தந்தவர் அமெரிக்காவின் செவாலியர் ஜாக்ஸன். குரல்வளையின் அடியில் மோதிரம்போல் முழுவட்டமாயுள்ள ஒரே குருத்தெலும்புக்குச் சேதம் நேர்ந்தால் வழி நிரந்தரமாகக் குறுகிவிடுகிறது என்பதை 1921-இல் அவர் எடுத்துக்காட்டி, துவாரம் அதற்கு நன்கு கீழேதான் அமையவேண்டும் என்று வற்புறுத்தினார். அன்ட்டில்லஸ் குறித்த இடத்துக்கே சத்திர வைத்தியம் இவ்வாறு காரணம் தெரிந்து மீண்டது. 1952-இல் கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவிச் சுவாசத் தசைகள் செயலிழந்தோர் நிறைந்தபோது, பியோர்ன் இப்ஸன் என்னும் மயக்க மருந்து நிபுணர், 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் குழலைத் திறக்கச் செய்து குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்டிக் காப்பாற்றினார். ஏறத்தாழ 1,500 வைத்திய மாணாக்கர் முறைவைத்து இரவும் பகலும் அப்பைகளை அமுக்கினர். வெஸேலியஸின் நாணல் துண்டு சொன்ன உண்மை, நானூறு ஆண்டுகள் கழித்துத் தீவிர சிகிச்சைப் பிரிவு என்னும் நிறுவனமாக உருக்கொண்டது.

இவ்வரலாற்றை நோக்கும்போது ஒன்று நன்கு விளங்குகிறது. ஒரு சிகிச்சை உண்மையென நிறுவப்படுவதற்கு ஓர் ஆடு போதும். அது மனித சமுதாயத்தின் பொதுச்சொத்தாவதற்கு ஓர் ஆடும் போதாது, ஓர் அற்புதக் குணமும் போதாது. மீண்டும் மீண்டும் செய்து, தோற்றதையும் வென்றதையும் ஒரே ஏட்டில் எழுதிவைத்து, அடுத்தவர் கைக்கு அதை ஒப்புவிக்கும் மனிதர்கள் வேண்டும். இப்ன் ஸுஹ்ர் ஐயத்தைத் தீர்த்தார்; அச்சத்தைத் தீர்த்தவர்கள், தம் இழப்புகளை எண்ணிச் சொல்ல நாணாத தூர் நகரத்தவரும் பாரிஸ் நகரத்தவருமே. வைத்திய சாஸ்திரத்தின் வீரர்களை வரிசைப்படுத்துவோர் அவ்விருவகையினரையும் ஒரே ஆசனத்தில் இருத்தி வணங்குதலே முறையாகும்.