ரஜுலா போன வழி

பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் குடும்பத்தோடு போவதென்று முடிவானதும், மகன் கைபேசியும் கையுமாக வழி தேட உட்கார்ந்துவிட்டான். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கே மாறி பினாங்கு. திரும்பும்போது சிங்கப்பூரிலிருந்து நேரே திருச்சி. "போன வழியிலேயே திரும்பணும்னு என்னப்பா இருக்கு?" என்றான். நியாயம்தான்.

என் தாத்தாவுக்கு இந்தத் தலைவலியெல்லாம் இல்லை. அவருக்குத் தெரிந்த வழி ரஜுலா. 1926-இல் கட்டிய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல். சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு, பினாங்கைத் தொட்டு, கிள்ளான் துறைமுகம் வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேரும். நாகையில் கரையை ஒட்டி ஆழம் போதாது. கப்பல் தள்ளித்தான் நிற்கும். படகில் போய், அலையில் ஆடிக்கொண்டே ஏணியைப் பிடிக்க வேண்டும். டெக் பயணிக்குக் கொண்டுபோன பாய்தான் படுக்கை. தாத்தாவின் தகரப்பெட்டி இன்னும் எங்கள் பரணில் கிடக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயின்டில் 'பினாங்கு' என்று எழுதியிருக்கும். 'ங்'கின் புள்ளி உதிர்ந்துவிட்டது. உள்ளே பழைய பஞ்சாங்கங்கள்.

1970-களில் ரஜுலா ஓய்ந்து எம்.வி. சிதம்பரம் வந்தது. அதற்கு முன் 'பாஸ்தேர்' என்ற பெயரில் ஓடிய பிரெஞ்சுக் கப்பல். 1985-இல் அதில் தீப்பிடித்தது, உயிர்கள் போயின. அத்தோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தும் முடிந்தது. தீப்பிடிக்காவிட்டாலும் விமானம் அதை விட்டுவைத்திருக்காது என்பது என் எண்ணம்.

மகன் சொன்னபடியே டிக்கெட் எடுத்தாயிற்று. முதலில் பினாங்கு, பிறகு சிங்கப்பூர். ரஜுலாவும் அந்த வரிசையில்தான் போனது.